புகைக்கு ஒரு பெட்டிசம்

அத்தியாயம் ஐந்து

நகரசபைக் கட்டடத்தின் மணிக்கூடு இரண்டே கால் காட்டியது. அபூதாஹிரின் கைக்கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. எதை நம்பினாலும் ஐந்து மணிக்கு இன்னும் மூன்று மணித்தியாலம்கூட இல்லை.

ஐந்து மணிக்குச் சந்தி இராணுவ முகாமிலிருந்து கொழும்புக்கு ஒரு வாகனம் புறப்படுகிறது. பாலையூற்றில் நெல்லு மில் நடத்தும் கனகசிங்கத்தை அதில் ஏற்றப் போகிறார்கள். 1998ஆம் ஆண்டில் அப்படி ஏற்றப்பட்ட ஒருவர் எப்போது திரும்புவார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.

அவர் செய்த குற்றம், தன் எஞ்சின் காணாமல் போய்விட்டது என்று தானே போய் முறைப்பாடு கொடுத்தது. பதினாறு குதிரைவலு டீசல் எஞ்சின். சனிக்கிழமை மில்லின் பின்கொட்டிலில் இருந்தது, ஞாயிறு விடிய இல்லை. சண்டை நடக்கும் ஊரில் எஞ்சின் களவு போகும் என்று எந்தக் கப்டனும் நினைப்பதில்லை. அது காட்டுக்குள் போராளிகளிடம், "அந்தப் பக்கம்" போயிருக்கும், கொடுத்தவன் முன்னால் வந்து நின்று கதை விடுகிறான் என்றுதான் நினைப்பார். இன்றைக்குப் புதன்கிழமை. நான்கு நாளாக மனிசன் உள்ளே. "ஐஞ்சு மணிக்குள்ள எஞ்சினைக் காட்டு, புருசனைக் கூட்டிக்கொண்டு போ" என்று கப்டன் அவர் மனைவி குணமணியிடம் சொல்லிவிட்டார்.

குணமணி இப்போது அபூதாஹிரின் ஓட்டோவின் பின்சீற்றில், கணவனுடைய துவைத்த சேர்ட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வீட்டில் இருங்கள் என்றால் கேட்கவில்லை. "வீட்டில இருந்தா எனக்கு விசர் பிடிச்சுப்போம் ஐயா" என்று ஏறியவள்தான். அவளுக்கு இடம் விட்டு ஓரமாக ஒடுங்கியிருந்த நெட்டை மனிதர் சோமசேகரம். முன்பு இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றுக்குத் தீ நட்டம் மதிப்பிட்டவர். எரிந்த கடைக்குள் போய்க் கரியைத் தொட்டுப் பார்த்து, தீ தானாக வந்ததா, கடைக்காரன் வெற்றிலை வைத்து அழைத்ததா என்று சொல்லிவிடுவார். சண்டைக்குப் பயந்து கொம்பனி கொழும்புக்கு ஓடிய பிறகு வாசலில் "தனியார் விசாரணைகள்" என்று பலகை மாட்டிக்கொண்டார். அவருடைய காரியாலயத்தில் வேலை செய்பவர் ஒரே ஒருவர்: கிண்ணியா அபூதாஹிர். அவனே சாரதி, அவனே எடுபிடி. வாய் மட்டும் நான்கு பேருக்குப் போதுமான வாய்.

"நில்லும் தாஹிர்," என்றார் சோமசேகரம். "உம்மட வண்டியை எதிர்ப்பக்கம் விடும். இது புகைக் கந்தோர்."

"என்ர வண்டி புகைக்கிறல்ல சேர். பெருமூச்சு விடுது," என்றான் அபூதாஹிர். ஆனாலும் வண்டியை எதிர்ப்பக்கம் விட்டான்.

நகரசபைக் காரியாலயத்தைப் புகைக் கந்தோர் என்று சொன்னது சும்மா இல்லை. இந்த ஊரில் அந்நாளில் குண்டுச் சத்தத்துக்கு எந்த விதியும் இருக்கவில்லை, புகைக்கு இருந்தது. மில், பேக்கரி, ஐஸ் பக்டரி எல்லாம் வருடா வருடம் சுற்றாடல் உரிமம் எடுக்க வேண்டும். புகை அளவு மீறினால் பூட்டு. ஊரே எரிகிறபோது காற்றைப் பற்றி என்ன கவலை என்று சிரித்தவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தையின் இருமலைக் கேட்டவர்கள் சிரிக்கவில்லை. இந்த வருடம் எங்கிருந்தோ உதவிப் பணம் வந்து, பழைய எஞ்சினைக் கைவிட்டுப் புதிய மோட்டரோ புகையாத ஜெனரேற்றரோ போடுகிறவர்களுக்குப் பாதி விலையைச் சபை கொடுக்கும் என்று அறிவித்தார்கள். அதற்கு மூன்று நிபந்தனைகள். அந்தப் புகைக்கு எதிராக அயலவர் ஒருவராவது முன்பே பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, போட்டிருக்க வேண்டும். பழைய எஞ்சின் ஓடுகிற எஞ்சினாக இருக்க வேண்டும். அதை உத்தியோகத்தரின் கண் முன்னால் சம்மட்டியால் உடைக்கவும் வேண்டும்.

கனகசிங்கம் இந்தத் திட்டத்தை நம்பித்தான் எஞ்சினைக் கழற்றி, மின்சார மோட்டரைப் பூட்டினார். உடைப்பதற்காகக் கொட்டிலில் வைத்த எஞ்சின்தான் காணாமல் போனது.

தொழினுட்ப உத்தியோகத்தர் இராசையா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் மூவரையும் பார்த்தார். விதிப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுக்கிற மனிதர் அவர்.

"ஆரார் இந்த உதவிக்கு விண்ணப்பம் போட்டவை எண்டு காட்ட ஏலாது," என்றார். "பெட்டிசக் கோப்பைப் பாக்கலாம். அது பொதுசனத்தின்ர. ஆனா சுருக்கெண்டு பாருங்கோ. நாலு மணிக்கு எனக்குக் களஞ்சிய முற்றத்தில ஒரு எஞ்சின் உடைக்கிற வேலை இருக்கு."

"குடுத்து வச்ச மனிசன்," என்று அபூதாஹிர் முணுமுணுத்தான். "நாங்க ஒரு எஞ்சினுக்கு ஊரெல்லாம் ஓடுறம். இவருக்கு உடைச்சு விளையாடக் கிடைக்கிது."

சோமசேகரம் கோப்பை விரித்தார். அவருடைய கணக்கு எளிமையானது. எஞ்சினைக் களவெடுத்தவன் அதை ஓட்டத்தான் எடுத்திருப்பான். ஊரைச் சுற்றி இராணுவச் சாவடி இருக்கும்போது அதை வெளியே கொண்டுபோக ஏலாது. உள்ளே வைத்து ஓட்டினால் அந்த எஞ்சின் புகைக்காமல் இராது, புகைத்தால் அயலவர் பெட்டிசம் போடாமல் இரார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு புதிதாக எங்கே கரி விழுகிறது என்று பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கோப்பில் இரண்டே பெட்டிசங்கள். ஒன்று பேக்கரி விறகுப் புகை, பத்து வருடப் பழைய சண்டை. மற்றது ஓர் ஆட்டைப் பற்றியது.

"ஆடு புகைக்கிதா?" என்றான் அபூதாஹிர்.

"ஆடு பூக்கண்டைத் திண்டிட்டுது. தவறிக் கோப்பில போட்டிருக்கினம்."

குணமணி மேசை விளிம்பைப் பிடித்தாள். "அப்ப ஒண்டும் இல்லையோ ஐயா? அவ்வளவுதானோ?"

அபூதாஹிர் ஒரு கதிரையை அவள் பக்கம் இழுத்துவிட்டான். சோமசேகரம் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். பிறகு ஒரு தாளில் விரலை வைத்து நின்றார்.

"தாஹிர், இதை வாசியும்."

ஜூலை மாதத் திகதி. ஜமாலியாப் பக்கம் கடற்கரையில் இருக்கும் வெண்மதி ஐஸ் பக்டரிக்கு எதிரான பெட்டிசம். பக்டரி எஞ்சின் கக்கும் கரும்புகை, வீதிக்கு இந்தப் பக்கம், மேற்கே உள்ள தன் வீட்டுக் கொடியில் காயும் உடுப்புகளில் நாள்தோறும் படிகிறது என்று நஜ்முன் நிஸா என்ற பெண் முறையிட்டிருந்தாள்.

"பாவம், உடுப்புத் தோய்க்கிற பொம்பிளை," என்றான் அபூதாஹிர்.

"ஜூலை மாசம் என்ன காத்து?"

"கச்சான். வேறென்ன?" என்றவன் பாதியில் நிறுத்தினான். கிண்ணியாவில் பிறந்தவனுக்குக் காற்றைப் படிப்பிக்கத் தேவையில்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் மேற்கே இருந்து, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். வாயில் மண் போகும், உதடு வெடிக்கும். கடற்கரையில் இருக்கிற பக்டரியின் புகை அந்த மாதத்தில் நேரே கடலுக்குத்தான் போகும். "சேர், மேற்கால இருக்கிற வீட்டுக் கொடிக்குப் புகை எப்பிடிப் போனது? பஸ் பிடிச்சா?"

"அதைத்தான் போய்க் கேக்கப் போறம்."

குணமணி தயங்கினாள். "வெண்மதி பக்டரி யோகலிங்கம் அண்ணையின்ர. எங்களுக்கு வேண்டப்பட்ட மனிசன். ஞாயிற்றுக்கிழமை வீட்ட வந்து, என்ர கையைப் பிடிச்சு அழுதிட்டுப் போனவர்."

"அழட்டும்," என்றார் சோமசேகரம். "காத்துப் பொய் சொல்லாது."

*

நஜ்முன் நிஸா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடி முழுக்க வெள்ளைத் துணி. கச்சான் அதைக் கடற்பக்கமாக இழுத்து அடித்தது. ஒரு துணியிலும் கரிப்பொட்டு இல்லை.

"ராத்தா, உங்கட பெட்டிசம் பாத்து வந்தம்," என்றான் அபூதாஹிர். "சபையில எல்லாரும் அழுறாங்க. அவ்வளவு உருக்கம்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். "அது நான் எழுதினதா? யோகலிங்கத்தார் எழுதிக்கொண்டு வந்தாரு, நான் கையெழுத்துப் போட்டன். தனக்கு எதிரா ஒரு பெட்டிசம் வேணுமாம். உலகத்தில இப்பிடியும் ஒரு மனிசன். மகள்ர கலியாணத்துக்கு ஐஸ் சும்மா தாறன் எண்டாரு."

"பக்டரி எஞ்சின் புகைக்கிறது உண்மையோ?" என்று சோமசேகரம் கேட்டார்.

"எந்த எஞ்சின்? அங்க எஞ்சினே இல்லையே. தொடங்கின நாள்ல இருந்து கரண்ட்தான். கரண்ட் போனா ஐஸ் எல்லாம் தண்ணி. அவரு தலையில கை வச்சுக்கொண்டு வாசல்ல இருப்பாரு. நாங்க அரை விலைக்கு வாங்குவம்."

அபூதாஹிர் கையை விரித்தான். "போச்சு. எஞ்சினும் இல்ல, புகையும் இல்ல. சேர், நாங்க தேடி வந்தது ஐஸ்."

சோமசேகரம் அசையவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் பக்டரி வாசலில் மலையாகக் கிடந்த உமியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐஸ் கட்டிகளை உருகாமல் மூடிவைக்க உமி வேண்டும்.

"அந்த உமி எங்கயிருந்து வாறது?"

"எங்கட மில்லில இருந்துதான்," என்றாள் குணமணி. "எட்டு வருசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து ஏத்துறவை. போன சனிக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போனனாங்கள். இவர்தான் யோகலிங்கம் அண்ணையிட்ட மில்லுப் பூட்டின்ர திறப்பைக் குடுத்து, நீங்களே ஏத்துங்கோ எண்டு…"

அவள் திரும்பி உமிக் குவியலைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை லொறி வந்திச்சு," என்றாள் நஜ்முன் நிஸா. "எப்பவும் ரெண்டு பேர்தான் உமி எறக்குவாங்க. அண்டைக்கு ஆறு பேர். வடமெல்லாம் கட்டி. உமிக்கு என்னத்துக்கு வடம் எண்டு நானே யோசிச்சன்."

"சென்றிச் சாவடியில கம்பியால குத்திப் பாக்கிறவங்களே," என்றான் அபூதாஹிர்.

"எட்டு வருசமா போற லொறியைக் குத்த மாட்டாங்கள். வெயிலுக்கு ஐஸ் குடுத்துப் போற லொறியை ஏன் குத்துறான்?" சோமசேகரம் வேகமாக ஓட்டோவை நோக்கி நடந்தார். "நான் ஒரு மடையன் தாஹிர். களவெடுத்தவன் ஓட்டத்தான் எடுப்பான் எண்டு நினைச்சிட்டன். யோகலிங்கத்துக்கு ஜெனரேற்றர் வேணும். பாதி விலை சபை தரும், ஆனா பழைய எஞ்சின் இருக்கிறவனுக்குத்தான் தரும். பெட்டிசம் தானே எழுதிப் போடுவிச்சிட்டான், எஞ்சின்தான் இல்லை. இல்லாதவன் எதைக் கொண்டுபோய் உடைப்பான்?"

அபூதாஹிர் ஓடிப்போய் ஓட்டோவில் ஏறினான். இராசையாவின் குரல் காதில் கேட்டது. நாலு மணிக்கு ஓர் எஞ்சின் உடைக்கிற வேலை இருக்கிறது.

உடைத்துவிட்டால் அது இரும்புத் துண்டு. இரும்புத் துண்டைக் காட்டிக் கனகசிங்கத்தை மீட்க எந்தக் கப்டனும் விடமாட்டார்.

"சேர், மூண்டு முப்பத்தஞ்சு," என்றான்.

*

அன்றைக்கென்று சாவடியில் நீண்ட வரிசை. எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, வாகனத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். அபூதாஹிர் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டே வரிசையில் நகர்ந்தான். மூன்று நாற்பத்தைந்து. மூன்று ஐம்பத்தைந்து. குணமணி சிப்பாயிடம் ஓடிப்போய்க் கையைக் கூப்பினாள், அவன் அவளைத் திரும்ப வரிசைக்கு அனுப்பினான். அவள் அழவில்லை. வெயிலில் நின்றபடி, "உடைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, உடைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அபூதாஹிர் ஓட்டோவை இன்னும் ஒரு முழம் முன்னால் தள்ளினான்.

சபைக் களஞ்சிய முற்றத்துக்குள் ஓட்டோ நுழைந்தபோது நான்கு பத்து. சம்மட்டிக்காரன் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றான். முற்றத்தின் நடுவே, புதிதாகப் பச்சை வர்ணம் பூசிய ஓர் எஞ்சின்.

"நிப்பாட்டுங்கோ!" என்று குணமணி கத்திய கத்தலில் சம்மட்டி தானாகக் கீழே இறங்கியது.

யோகலிங்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், நல்ல மனிதரின் முகம். ஒரு கணம் அந்த முகம் வெளிறியது, உடனே சரியாகிவிட்டது.

"தங்கச்சி, என்ன இந்தப் பக்கம்? கனகுவைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?"

"இது எங்கட எஞ்சின்."

"உனக்கு மனசு சரியில்லை பிள்ளை. இது என்ர பக்டரி எஞ்சின். பத்து வருசமா ஓட்டுறன்."

சோமசேகரம் குனிந்து பார்த்தார். இலக்கத் தகடு இருந்த இடம் அரத்தால் ராவிப் பளபளத்தது. காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து விரலை விட்டார். விரலில் உமித் தூசி ஒட்டிக்கொண்டு வந்தது.

"இராசையா, பாருங்கோ. உமி. நெல்லு மில் எஞ்சின் இது."

யோகலிங்கம் சிரித்தார். "ஐஸ் பக்டரியில உமி இல்லாமல் வேறென்ன இருக்கும்? என்ர சேர்ட் பொக்கற்றிலயும் உமி இருக்கு ஐயா. நான் என்ன நெல்லோ?"

சம்மட்டிக்காரன்கூடச் சிரித்துவிட்டான். இராசையா மணிக்கூட்டைப் பார்த்தார். சோமசேகரத்தின் முகத்தில் முதல் தடவையாக வியர்வை ஓடுவதை அபூதாஹிர் கண்டான். தன் முதலாளியிடம் வேறு துருப்பு இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு ஓங்கி அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்குப் பதிலாக வாய் தன்பாட்டில் திறந்தது.

"இராசையா ஐயா, ஓடுற எஞ்சின் எண்டு ஓட்டிப் பாத்தீங்களா? இல்ல, இது மூச்சுப் போன மய்யித்தா?"

இராசையா நிமிர்ந்தார். அவருடைய உலகத்திலேயே பெரிய வார்த்தை நிபந்தனை. "ரெண்டாம் நிபந்தனை," என்றார். "இவர் நேரம் போகுது எண்டு அவசரப்படுத்தினவர். ஓடாத இரும்புக்கு உதவி இல்லை. ஓட்டிக் காட்டுங்கோ யோகலிங்கம்."

யோகலிங்கத்தின் மெக்கானிக் டீசல் ஊற்றி, கைப்பிடியைப் பூட்டிச் சுற்றினான். எஞ்சின் ஒருமுறை இருமியது. மறுபடி சுற்றினான். இருமலும் இல்லை. நான்கு தடவை, ஐந்து தடவை. யோகலிங்கமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினார். வெள்ளைச் சேர்ட் முதுகோடு ஒட்டியதுதான் மிச்சம்.

"போன கிழமை வரைக்கும் ஓடினது," என்று மூச்சு வாங்கினார்.

"தள்ளுங்கோ," என்றாள் குணமணி.

அபூதாஹிரைப் பார்த்து, "தம்பி, முன்கடையில ரெண்டு கரண்டி தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு ஓடி வா" என்றாள். அவன் ஓடினான். டீசலுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய வருடங்களில், தேய்ந்த எஞ்சினை மில்காரர்கள் எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது மில்காரர்களுக்குத்தான் தெரியும். குணமணி வடிகட்டியைக் கழற்றி, காற்றுப் போகும் வாயில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எஞ்சினின் அமுக்கத்தைத் திறந்துவிடும் நெம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மெல்லமா ஏழு தரம் சுத்து" என்றாள். அபூதாஹிர் சுற்றினான். எண்ணெய் உள்ளே பரவித் தேய்ந்த இடைவெளியை அடைக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். "இப்ப இழு!"

நெம்பியை விட்டாள். எஞ்சின் ஒரு உதை உதைத்து, இரண்டாவது உதை உதைத்து, முற்றம் அதிர ஓடத் தொடங்கியது. கறுப்பாக, கட்டியாகப் புகை எழும்பியது. எண்ணெய் பொரியும் மணம் முற்றம் முழுக்க. புகையைச் சோதிக்க இராசையா நீட்டிய வெள்ளைத் துணி ஒரு நிமிடத்தில் அடுப்புக் கரித்துணி ஆனது.

"யோகலிங்கம்," என்றார் சோமசேகரம், சத்தத்துக்கு மேலால். "பத்து வருசமா ஓட்டின உங்களுக்கு இதின்ர வாயில என்ன விடுறது எண்டு தெரியாது. இவவுக்குத் தெரியுது. அது எப்பிடி?"

யோகலிங்கம் அப்படியே கீழே குந்திவிட்டார். "கரண்ட் போய்ப் போய் நான் அழிஞ்சு போனன்," என்றார். "உடைக்கப் போற இரும்புதானே, கனகுவுக்கு வேற ஒண்டு பாத்துக் குடுக்கலாம் எண்டு நினைச்சன். அவனைப் பிடிப்பாங்கள் எண்டு நினைக்கேல்லை தங்கச்சி."

"பிடிச்ச பிறகும் வாய் திறக்கேல்லையே நீ," என்றாள் குணமணி. எட்டு வருடமாக அண்ணை என்றும் நீங்கள் என்றும் அழைத்த வாய் அது. "வந்து என்ர கையைப் பிடிச்சு அழுதியே. அப்ப இது உன்ர பக்டரியில கிடந்தது."

இராசையா முகாமுக்குத் தொலைபேசி எடுக்க ஓடினார்.

*

நான்கு ஐம்பதுக்கு ஜீப் வந்தது. கப்டன் இறங்கினார். பின்னால் இரண்டு சிப்பாய்கள் கனகசிங்கத்தை இறக்கினார்கள். நான்கு நாளில் ஒரு மனிதன் இவ்வளவு சிறுத்துப் போவானா என்று அபூதாஹிர் திகைத்தான். கனகசிங்கம் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிலத்தையே பார்த்தார். குணமணி பக்கத்தில் வந்தும் நிமிரவில்லை.

கப்டன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் காட்டினார். "நம்பர் இல்லை. பெயின்ற் புதுசு. எப்பிடி நான் நம்புறது? அவன் சொல்லட்டும்." கனகசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "இது உன்ட எஞ்சினா?"

கனகசிங்கம் எஞ்சின் பக்கமே திரும்பவில்லை. "இல்லை," என்றார்.

குணமணி அவர் முன்னால் போய் நின்றாள். "இஞ்சாருங்கோ, வடிவாப் பாருங்கோ! எங்கட எஞ்சின்!"

"இல்லை. என்ர இல்லை. எனக்கு எஞ்சின் இல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது."

யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. நான்கு நாளாக, என் எஞ்சின் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவருக்கு என்ன நடந்தது என்பது அந்தப் பதிலில் இருந்தது. கப்டன் தோளைக் குலுக்கிவிட்டு ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார். சிப்பாய்கள் கனகசிங்கத்தின் புயத்தைப் பிடித்தார்கள். சோமசேகரம் ஏதோ சொல்லப் போனார், சிப்பாய் ஒருவனின் துவக்குக் குழல் குறுக்கே வந்தது. அபூதாஹிர் மனதுக்குள் யா அல்லாஹ் என்று மட்டும் சொன்னான்.

அப்போது எஞ்சின் திக்கத் தொடங்கியது. வேகம் ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, நிற்கப் போகிற மாதிரித் தடுமாறியது. சிப்பாய்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கனகசிங்கத்தின் வலது கை நீண்டது. கண் இன்னும் நிலத்தில்தான். கை மட்டும் எண்ணெய்த் தாங்கிக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்துக்குப் போய், அங்கிருந்த ஒரு சிறு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பியது. எஞ்சின் சீராக ஓடியது. கை திரும்பி வந்து பக்கத்தில் தொங்கியது.

கப்டன் குனிந்து தாங்கிக்குக் கீழே பார்த்தார். திருகாணியைத் தேட அவருக்குச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு நிமிர்ந்து கனகசிங்கத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"வாய் பொய்," என்றார் அரைகுறைத் தமிழில். "கை சரி. விடு."

யோகலிங்கத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் குணமணியைத் திரும்பிப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை. இராசையா தொண்டையைச் செருமிக்கொண்டு, கனகசிங்கத்தின் விண்ணப்பம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மூன்றாம் நிபந்தனை மட்டுமே பாக்கி என்றார். கணவனிடம் சம்மட்டியைத் தூக்கத் தெம்பு இல்லை. குணமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் அடியைத் தானே போட்டாள். மிச்சத்தைச் சம்மட்டிக்காரன் பார்த்துக்கொண்டான்.

பாலையூற்றுக்குப் போகிற வழியில் மூவர் பின்சீற்றில் நெருங்கியிருந்தார்கள். அபூதாஹிர் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான்.

"குணம்," என்றார் கனகசிங்கம் மிகத் தாழ்ந்த குரலில்.

"ஓம்."

"அது எங்கட எஞ்சின்தானே?"

"ஓம்."

"அவங்களிட்டச் சொல்லிப் போட்டியோ?"

குணமணி அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். "உடைச்சாச்சு. இனி எங்களுக்கு எஞ்சின் ஒண்டும் இல்லை. மோட்டர்தான்."

"இல்லையோ?"

"இல்லை."

பாலையூற்றுச் சாவடியில் சிப்பாய் கையைக் காட்டினான். அபூதாஹிர் நிறுத்தினான். சிப்பாய் உள்ளே எட்டிப் பார்க்கும் முன்பே கனகசிங்கம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"என்னட்ட எஞ்சின் இல்லை ஐயா," என்றார். "என்னட்ட எஞ்சின் இல்லை."

சிப்பாய் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.